சுக்குட்டிக்கு எத்தனை பெயர்: ஓசூர் முதல் நாகர்கோவில் வரை

திங்கள், ஓசூர்

ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் சாலையின் இரண்டு பக்கமும் ராகி அறுப்பு நடக்கிறது. கார்த்திகை மழை போன வாரம்தான் விட்டிருக்கிறது. அறுத்த காட்டின் ஓரத்தில் மூன்று பெண்கள் குனிந்து ஏதோ கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் இறங்கிவிட்டேன். இந்தப் பயணமே இதற்காகத்தான். யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் விடாமல், தானாக முளைக்கிற ஒரு கீரைக்கு ஊர் ஊராக என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே தெற்கே போகலாம் என்று கிளம்பியிருக்கிறேன். மணத்தக்காளி என்று சொன்னால் பெரும்பாலானோருக்குப் புரியும். தலைப்பில் உள்ள சுக்குட்டியும் அதுதான்.

மூவரில் மூத்தவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மடியை விரித்துக் காட்டினார். நாலைந்து வகைக் கீரை கலந்து கிடந்தது. "பெரகெ சொப்பு" என்றார். காட்டில் கிடைத்ததையெல்லாம் கலந்து பறிக்கும் கீரைக்கு அதுதான் பெயர். பருப்போடு வேகவைத்து, தண்ணீரை வடித்து அதில் சாறு வைத்து, வெந்த கீரையைத் தனியே தாளித்து, ராகி முத்தெயோடு, அதாவது ராகிக் களியோடு, சாப்பிடுவார்களாம். அந்தக் கலவைக்குள்ளிருந்து ஒரு கொத்தை எடுத்து, "இது கணிகெ" என்றார். பக்கத்தில் நின்ற தெலுங்கு வீட்டு மருமகள், "நாங்க காமஞ்சின்னு சொல்லுவோம்" என்றார். மூன்றாவது பெண் தமிழ்: "மணத்தக்காளிங்க, வேற என்ன." பத்தடிக்குள் மூன்று பெயர். மூவருக்கும் செடியில் சந்தேகம் இல்லை.

அந்தச் செடியைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் உயரம், கிளை விட்டுப் படர்ந்திருக்கும், முள் கிடையாது. இலை கரும்பச்சை, ஓரம் லேசாக நெளிந்து, பூச்சி துளைத்த சின்னச் சின்ன ஓட்டைகளோடு இருக்கும். பூவை உற்றுப் பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவுதான். ஐந்து வெள்ளை இதழ் பின்னோக்கி மடங்கி, நடுவில் மஞ்சள் மகரந்தக் குழாய்கள் கூம்பாகக் கூடி நிற்கும். கத்தரிப்பூவைத் தெரிந்தவர்களுக்கு இது அதன் பங்காளி என்று உடனே தெரிந்துவிடும். பூக்கள் தனித்தனியாக வராது. ஒரே காம்பின் நுனியில் நாலைந்து சேர்ந்து தொங்கும், காயும் அப்படியே கொத்தாகத்தான் வரும். பச்சை மிளகு போல உருண்டு, பழுத்தால் கறுத்துவிடும். கன்னடம் பேசும் அம்மா ஒரு பழத்தை நசுக்கிக் காட்டினார். ஊதாச் சாறும் மணல் மாதிரி விதைகளும் விரலில் ஒட்டின. "பசங்க இதைத்தான் காகி அண்ணுன்னு பறிச்சுத் தின்பாங்க" என்றார். காக்கைப் பழம். வடமொழி மருத்துவ நூல்களில் இதன் பெயர் காகமாசி, அங்கேயும் காக்கை வந்துவிடுகிறது. விதையைத் தின்று ஊரெல்லாம் பரப்புவது பறவைகள்தானே.

செவ்வாய், பேருந்தில்

தருமபுரி, சேலம் வழியாக நாள் முழுக்கப் பேருந்து. கீரை ஒன்றும் பார்க்கவில்லை. அதனால் பெயரில் உள்ள 'தக்காளி' பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

இன்று தக்காளி என்றால் சிவப்பாகப் பெரிதாக இருப்பதுதான். அது தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியர் கொண்டுவந்து சேர்த்தது. அது வருவதற்கு முன்பே இங்கே தக்காளி என்ற பெயரில் குட்டிப் பழங்கள் இருந்தன. ஒன்று இந்த மணத்தக்காளி. இன்னொன்று சொடக்குத்தக்காளி: காகிதம் போன்ற பச்சை உறைக்குள் பழம் ஒளிந்திருக்கும், அந்த உறையை நெற்றியில் அடித்தால் 'டொப்' என்று வெடிக்கும். புதிதாக வந்த பெரியதைச் சீமைத்தக்காளி என்றார்கள். அப்புறம் பெரியது பெயரை மொத்தமாக எடுத்துக்கொண்டது. உரிமைக்காரியான சின்னதுக்கு அடைமொழி போட்டுச் சொல்ல வேண்டிய நிலைமை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

இன்னொரு பெயர்க்குழப்பம் இதைவிடப் பெரியது. ஆங்கிலத்தில் இதை 'பிளாக் நைட்ஷேட்' என்பார்கள். அதைக் கைப்பேசியில் தேடினால் 'டெட்லி நைட்ஷேட்' என்ற கொடிய நச்சுச்செடி வந்து நிற்கும். அதைப் படித்துவிட்டு, பாட்டி காலத்திலிருந்து சமைத்த கீரையை வீட்டில் நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். அது வேறு செடி, அட்ரோபா பெல்லடோனா. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் வளர்வது, நம் சமவெளிக் காடுகளில் கிடையாது. அதன் பூ ஊதா கலந்த மணி வடிவம். பழம் கொத்தாக வராது, ஒரு காம்புக்கு ஒன்றாக, விரிந்த பச்சைப் புல்லியின் (பூவின் அடியிதழ்) மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே குடும்பம் என்பது உண்மை. கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை, ஊமத்தை எல்லாமே அந்தக் குடும்பம்தான். குடும்பத்தில் ஊமத்தை இருக்கிறது என்று யாரும் கத்தரிக்காயை விட்டுவிடுவதில்லை.

அதே சமயம் மணத்தக்காளியின் பச்சைக்காயில் சோலனின் வகை நச்சுப்பொருள் உண்டு, பழுக்கப் பழுக்கக் குறையும். ஆகவே பச்சைக்காயை அப்படியே பறித்து வாயில் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால் போதும்.

புதன், காங்கேயம்

இங்கே வந்ததும் செடியின் பெயர் மாறிவிட்டது. மணத்தக்காளி என்று கேட்டால் புரிகிறது, ஆனால் திரும்பி வரும் பதில் "சுக்குட்டிங்களா?" என்பதுதான். கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் முழுக்க இது சுக்குட்டிக்கீரை. மற்ற பெயர்கள் பலவற்றுக்குப் பழத்தைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடுகிறது. சுக்குட்டி அப்படிப் பிடிகொடுக்கவில்லை. செல்லப்பெயர் மாதிரி வாயில் நன்றாக இருக்கிறது.

கொரங்காட்டு (மேய்ச்சல் நிலம்) வேலி ஓரம், கிளுவைக்கு அடியில், ஆடு எட்டாத இடத்தில் தழைத்து நிற்கிறது. ஒரு தோட்டத்து ஆத்தாவோடு காலை முழுவதும் நடந்தேன். வயதை அவரே சரியாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் களை வெட்டுக்குப் போனால் கூலியோடு மடிநிறையக் கீரையும் வீட்டுக்கு வரும் என்றார். களைக்கொத்தோடு குனிந்திருக்கும்போதே எது வெட்டிப் போடுவது, எது கிள்ளி மடியில் கட்டுவது என்று கை பிரித்துவிடுமாம். கடலைக்காட்டிலும் சோளக்காட்டிலும் அவர் காட்டியவை: பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை, முள்ளுக்கீரை, அப்புறம் சுக்குட்டி. பண்ணைக்கீரை பூத்துவிட்டால் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கதிர் நிமிர்ந்து நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். ஆனால் பூ வந்தபின் இலை முற்றிப்போகும். கீரையாகத் தின்ன வேண்டுமானால் பூவுக்கு முன்பே அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். அங்கேதான் ஆத்தாவின் படிப்பு இருக்கிறது. இரண்டு இலை விட்ட நாற்றையே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்.

"வேரோட புடுங்கறாங்கள்ல அம்மிணி, அதான் தப்பு" என்றார். சந்தைக்குப் போகிறவர்கள் செடியைப் பிடுங்கிக் கட்டாகக் கட்டுகிறார்கள். வீட்டுக்குப் பறிக்கிறவர் நுனியை மட்டும் கிள்ளுவார். அவர் கிள்ளியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் ஒரு கணுவுக்குச் சற்று மேலே பிடித்தன. இளம் தண்டு சட்டென்று முறிந்தது. போன வாரம் கிள்ளிய இடத்தையும் காட்டினார். அந்தக் கணுவின் இரு கக்கத்திலிருந்தும் புதிதாக இரண்டு தளிர் வந்திருந்தன, ஒன்று இரண்டாகிவிட்டது.

புறநானூற்றின் 159ஆம் பாட்டு அப்போது ஞாபகம் வந்தது. பெருஞ்சித்திரனார் முதிர மலைத் தலைவன் குமணனிடம் தன் வீட்டு வறுமையைச் சொல்கிறார். மனைவி குப்பையில் தானாக முளைத்த கீரையைப் பறித்து, உப்பில்லாமல், மோரில்லாமல், சோறே மறந்து, வெறும் இலையைத் தின்கிறாள். அங்கே 'குப்பைக் கீரைக் கொய்கண் அகைத்த முற்றா இளந்தளிர்' என்று ஒரு வரி. முன்பு கொய்த கணுவில் மறுபடி கிளைத்து வந்த, இன்னும் முற்றாத தளிர். ஏற்கெனவே பறித்த செடியிலேயே திரும்பத் திரும்பப் பறிக்கிறாள் என்பது அந்தக் 'கொய்கண்' என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. எழுதியவர் செடியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். குப்பைக்கீரை என்று இன்றும் ஒரு கீரையைச் சொல்கிறோம்.

மதியம் சுக்குட்டிக் கடைசல். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பூண்டு, கொஞ்சம் துவரம்பருப்போடு மண்சட்டியில் வேகவைத்து மத்தால் கடைந்தது. கசப்பு நாக்கின் பின்பக்கம் லேசாக வந்து போகிறது. பழத்தையும் நாலைந்து போட்டுக் கடைந்திருந்தார், அந்தப் புளிப்பு நன்றாகச் சேர்ந்திருந்தது. வாய்ப்புண் வந்தால் இதுதான் வைத்தியம் என்று ஓசூரில் கேட்டேன், இங்கேயும் கேட்டேன். அந்த நம்பிக்கை மட்டும் பெயர் மாதிரி ஊருக்கு ஊர் மாறவில்லை.

வியாழன், மதுரை

மதுரையில் பாதி நாள்தான். கீழமாசி வீதியில் வற்றல் மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். சுண்டை வற்றல் பெரிது, மணத்தக்காளி வற்றல் சின்னது, சுருங்கிக் கறுத்து நிஜமாகவே மிளகு மாதிரி இருக்கிறது. இங்கே "மணத்தக்காளி", "மணித்தக்காளி" இரண்டும் ஒரே கடையில் கேட்கிறது. ஒரே ஆள் வாயிலேயே இரண்டும் வருகிறது. எனக்கு மணித்தக்காளிதான் பொருத்தமாகப் படுகிறது. கொத்தில் அந்தக் காய்கள் கோத்த மணி போலத்தான் இருக்கின்றன.

கடைக்காரர் மனைவி வற்றல் போடும் முறையைச் சொன்னார். காய் பச்சையாக, கெட்டியாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். கழுவி, உப்புப் போட்ட புளித்த மோரில் ஊறவைத்து, பகலில் வெயில், ராத்திரி திரும்ப அதே மோர். மோர் முழுக்க இழுத்துக்கொள்ளும் வரை இப்படி. அப்புறம் சலசலவென்று சத்தம் வரும்வரை காய்ச்சல். எண்ணெயில் போட்டால் உப்பி வர வேண்டும். "மழை நேரத்துல போட்டா பூஞ்சை புடிச்சுரும்க்கா, மாசி, பங்குனியிலதான் நல்லாருக்கும்" என்றார்.

வெள்ளி, காரைக்குடி

ஒரு ஆச்சி வீட்டில் தண்ணிச்சாறு சாப்பிடக் கொடுத்துவைத்தது. அரிசி களைந்த இரண்டாம் தண்ணீரை இங்கே மண்டி என்கிறார்கள். அதில் மணத்தக்காளிக் கீரையையும் சின்ன வெங்காயத்தையும் வேகவிட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கிவிட வேண்டும். கீரையின் கசப்பை மறைக்காமல், அதே சமயம் உறுத்தவிடாமல் வைத்திருக்கிற சமையல் இது. இந்த வழியில் நான் சாப்பிட்டதில் இதற்குத்தான் முதல் இடம்.

வீட்டின் பின்கட்டில் கிணற்றடியில் நான் அதுவரை பார்க்காத ஒன்று நின்றது. செடி அதேதான், பூவும் அதேதான், பழம் மட்டும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. "அதுவும் மணத்தக்காளிதான், கறுப்பும் வரும், சிவப்பும் வரும்" என்றார் ஆச்சி. அவர் சமையலுக்கு இரண்டும் ஒன்று. தாவரவியலில் அவை வேறு வேறு இனம். சிவப்பாகப் பழுப்பது சொலானம் வில்லோசம். கறுப்பாகப் பழுப்பதிலேயே இரண்டு உண்டு. பழம் எண்ணெய் பூசியது போல மினுங்கி, அடியில் உள்ள புல்லி இதழ்கள் பின்னால் மடங்கியிருந்தால் சொலானம் அமெரிக்கானம். மங்கலான கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் சொலானம் நைக்ரம், 1753இல் லின்னேயஸ் பெயரிட்டது. குரோமோசோம் எண்ணிக்கையே மூன்றுக்கும் வேறு: அமெரிக்கானத்துக்கு 24, வில்லோசத்துக்கு 48, நைக்ரத்துக்கு 72. ஒன்று, இரண்டு, மூன்று மடங்கு. ஆனாலும் நம் புத்தகங்களில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் சேர்த்து நைக்ரம் என்று ஒரே பெயரைப் போட்டுவிடுகிறார்கள். ஓசூரில் ஒரு செடிக்கு மூன்று பெயர். இங்கே மூன்று செடிக்கு ஒரு பெயர்.

சனி, கோவில்பட்டி

கரிசல். மழை பெய்த மண் செருப்பில் அப்பிக்கொண்டு ஒவ்வோர் அடிக்கும் காலை இழுக்கிறது. உளுந்தும் பாசியும் கொஞ்சம், மக்காச்சோளம் நிறைய. மக்காச்சோளக் காட்டுக்குள் போனால் தரை துடைத்தது போல இருக்கிறது, ஒரு களை இல்லை. களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். ஆள் கூலி கொடுத்துக் கட்டுப்படி ஆகவில்லை என்று காட்டுக்காரர் சொன்னார். அவர் கணக்கு அவருக்கு, நான் அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் காட்டில் ஒரு வேளைக்குக் கூடக் கீரை இல்லை.

ஆடு மேய்க்கும் ஓர் அம்மா சொன்னது: "மருந்தடிச்ச பிஞ்சைன்னா வரப்புல நிக்கிறதக் கூடத் தொட மாட்டேன் தாயி. ஆட்டையும் விட மாட்டேன்." யார் காட்டில் எப்போது அடித்தார்கள் என்ற விவரம் முழுக்க அவரிடம் இருக்கிறது. கீரை பறிக்கிறவருக்கு இலை அடையாளம் மட்டும் போதாது, இந்தக் காட்டுச் செய்தியும் தெரிந்திருக்க வேண்டும். புதிதாகப் பறிக்கக் கிளம்புகிறவர்கள் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். சாக்கடை ஓரத்தில் செழித்து நிற்பதையும் தொடக் கூடாது.

அவரோடு கண்மாய்க் கரைக்குப் போனேன். அங்கே மூக்கிரட்டையும் சாரணையும் ஒன்றன் மேல் ஒன்றாகத் தரையில் படர்ந்து கிடந்தன. இரண்டுக்கும் பெயரை மாற்றி மாற்றிச் சொல்கிற ஊர்களை முன்பே பார்த்திருக்கிறேன். அந்த அம்மா பெயரைப் பற்றிப் பேசவே இல்லை. என் சேலைக் கரையைப் பிடித்துக் காட்டினார். நடந்து வந்ததில் பொடிப்பொடியாகப் பச்சை விதைகள் பிசின் போல ஒட்டியிருந்தன. "ஒட்டுனா மூக்கிரட்ட. ஒட்டாம சதப்பத்தா தரையோட கெடந்தா சாரண." பூவும் அப்படித்தான். மூக்கிரட்டையில் கடுகளவு சிவப்புப் பூ மெல்லிய காம்பில் நிமிர்ந்து நிற்கும். சாரணையில் பூ இலைக் கக்கத்துக்குள் பாதி மறைந்து உட்கார்ந்திருக்கும். எந்தச் சந்தைப் பெயரையும்விட இந்த அடையாளம் உறுதியானது. இரண்டையும் வேரோடு ஒரே பெயரில் கட்டி விற்கிற பொட்டலங்களை வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மணத்தக்காளி இங்கே அதிகம் கண்ணில் படவில்லை. ஈரமும் நிழலும் உள்ள கிணற்று மேட்டில் மட்டும் கொஞ்சம். அதன் பக்கத்திலேயே சொடக்குத்தக்காளி உறையும் பழமுமாக நின்றது. பள்ளி விடுமுறையில் வந்த பையன் ஒருவன் நெற்றியில் அடித்து வெடிக்கவைத்தான்.

ஞாயிறு, நாகர்கோவில்

வடசேரிச் சந்தையில் காலையிலேயே கீரைக்கட்டுகள். நான் மணத்தக்காளி என்று கேட்க, "மிளகுதக்காளியா மக்ளே?" என்று திருத்தினார் கடைக்கார அம்மா. மலையாளத்திலும் கிட்டத்தட்ட இதே பெயர் உண்டு, எல்லை தாண்டினாலும் இதைச் சொல்லிக் கேட்கலாம். மணி, மிளகு, காக்கை: எல்லாரும் பழத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். தின்பது பெரும்பாலும் இலையை, பெயர் மட்டும் பழத்துக்கு. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. இலையை வைத்துச் சொன்னால் கத்தரி நாற்று, மிளகாய் நாற்று, ஊமத்தை நாற்று என்று பலவும் குழப்பும். கொத்துப் பழத்தை வைத்துச் சொன்னால் குழப்பம் குறைவு.

அந்த அம்மா கறுப்புப் பழம் உள்ளதையும் சிவப்புப் பழம் உள்ளதையும் தனித்தனிக் கட்டாக வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "ரெண்டும் வேறல்லா? சிவப்பு கொஞ்சம் கசப்பு கூடும். கேட்டு வாங்குகவங்க உண்டு" என்றார். காரைக்குடி ஆச்சிக்கு ஒன்றாக இருந்தது இவருக்கு இரண்டு. பெயர் இரண்டுக்கும் மிளகுதக்காளிதான், கை மட்டும் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டிலும் ஒவ்வொரு கட்டு வாங்கி, தங்கியிருக்கும் வீட்டில் தனித்தனியாக வதக்கச் சொன்னேன். சிவப்பில் கசப்பு கூடத்தான் இருந்தது. ஒரு கட்டை வைத்து முடிவு கட்ட முடியாது, மண்ணும் முற்றலும் சேர்ந்துதான் கசப்பு வரும்.

உங்கள் பக்கம் இதற்கு வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள். பெயரோடு எந்த வட்டாரம், பழம் கறுப்பா சிவப்பா, கறுப்பென்றால் மினுக்கா மங்கலா, புல்லி பின்னால் மடங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதினால் உதவியாக இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கமும் வட ஆர்க்காடும் இந்தத் தடவை விட்டுப்போயின. அங்கே தைக்குப் பிறகு போகலாம் என்றிருக்கிறேன், அறுத்த வயலில் என்னென்ன முளைக்கிறது என்று பார்க்க.